ஹைட்ரஜனுக்கு மஞ்சள் கிடையாது

அந்த மாலைக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்கு ‘பார்த்தியா மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம். முதுகு திரும்பினால் பார்த்தியா மேடம். யார் எந்த அளவைக் குறித்துக்கொண்டு வந்து நீட்டினாலும், தாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே “கண்ணால பார்த்தியா?” என்று கேட்டுவிடுவார். பார்க்காமல் எழுதியவன் முழிக்கிற முழியிலேயே மாட்டிக்கொள்வான். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளைகளைக் காவல் காத்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பிள்ளைகள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மாலைக் கல்லூரியில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். பகல் முழுக்கக் கடையிலும் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் நின்று கால் வீங்கி, முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள் வந்து உட்காருவார்கள். அவர்கள் கொட்டாவி விட, அதைப் பார்த்து மேடம் கொட்டாவி விட, பாடம் கடனே என்று நடக்கும்.

இந்த வருஷம் மேடத்தின் அலுப்பு ரெண்டு பங்கு. கண்ணில் புரை. “ரெண்டுமே நல்லாப் பழுத்திருக்கும்மா, எடுத்துடலாம்” என்று டாக்டர் பழக்கடைக்காரர் மாதிரி சொல்லிவிட்டார். தேர்வு முடியட்டும், தேர்வு முடியட்டும் என்று மேடம்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். உலகமே டீத்தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது அவருக்கு. வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டைகள் மஞ்சள் பூத்துவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப ஊறப்போட்டு, காலர் நைந்ததுதான் மிச்சம்.

“சட்டை வெள்ளையாத்தான் இருக்கு. உன் கண்ணைத்தான் ஊறப்போடணும்” என்பார் வீட்டுக்காரர்.

“பரீட்சை முடியட்டும்னு சொன்னேன்ல. சும்மா நச்சரிக்காதீங்க.”

பரீட்சை என்று மேடம் சொன்னது செய்முறைத் தேர்வை. அதில் ஹைட்ரஜன் சோதனை ஒன்று உண்டு, வருஷா வருஷம் அத்தனை பேருக்கும் கழுத்தறுப்பு. விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு. மின்சாரம் கொடுத்தால் ரோஸ் நிறத்தில் ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்துச் சின்னத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் தனித்தனிக் கோடுகள் தெரியும்: சிவப்பு ஒன்று, பச்சை கலந்த நீலம் ஒன்று, கருநீலம் ஒன்று, கண்ணுக்கு அகப்பட்டால் கடைசியில் ஊதா ஒன்று. அணுவுக்குள் மேல்படியில் நிற்கும் எலக்ட்ரான் இரண்டாம் படிக்கு விழும்போது வெளிவருகிற ஒளி அது. எந்தப் படியிலிருந்து விழுகிறதோ அதற்கேற்ற நிறம். ஒவ்வொரு கோடும் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று அளந்து, அதிலிருந்து அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இதற்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜனுக்குச் சூத்திரம் உண்டு. இரண்டின் வர்க்கத்தைக் கீழே போட்டு, மூன்றின் வர்க்கத்தையோ நான்கின் வர்க்கத்தையோ கீழே போட்டுக் கழித்து, மாறிலியால் பெருக்கி, வந்ததைத் தலைகீழாகப் போட்டால் அலைநீளம் நானோமீட்டர் கணக்கில் கையில். 656, 486, 434, 410. குழாயை ஏறெடுத்துப் பார்க்கவே தேவையில்லை. விடையிலிருந்து பின்பக்கமாக வந்து கோணத்தையும் எழுதிவிடலாம். ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு பேச்சு வழக்கு: கண்ணால் பார்த்து எழுதினால் ‘பார்த்தது’, சூத்திரத்தில் போட்டு எழுதினால் ‘போட்டது’. “நீ பார்த்தியா, போட்டியா?” “சும்மா இரு, யாராவது பார்ப்பாங்களா? போட்டதுதான்.” இந்தப் பேச்சு மேடத்தின் காதுக்கு மட்டும் போகாது.

அந்த வகுப்பில் ‘பார்த்தது’ மட்டுமே எழுதுகிற ஒரே ஆள் வேன் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாற்பதைத் தொடுகிற வயது. காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்ப அள்ளிக்கொண்டு வந்து வீடுவீடாக இறக்கி, அப்புறம் கல்லூரி. முதுகெலும்பில் ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடித்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதே பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை ஒன்று காலி. பட்டம் வாங்கிவிட்டால் இந்தப் பருவத்திலேயே அவளுக்குத் தருவதாகத் தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். மேடத்துக்கு இதெல்லாம் தெரியும். வேன் அக்காவை அவருக்குப் பிடிக்கும் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டீ குடித்து, பிஸ்கட் சாப்பிட்டு, காலித் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேடம் ஒற்றை ஆளாக இருட்டறைக்கும் வெளி மேசைக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோயிருந்த நேரத்தில் வேன் அக்கா கையைத் தூக்கினாள்.

“மேடம், மஞ்சள்ல ஒரு கோடு தெரியுது. நல்லாப் பளிச்சுன்னு. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

மேடம் போய்க் குனிந்து பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்குக் கோடு எது, கலங்கல் எது? மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. அவருக்குத்தான் எல்லாமே மஞ்சளாயிற்றே. அடுத்த மேசையில் இன்னொரு சோதனைக்காக சோடியம் விளக்கு வைப்பது வழக்கம். மஞ்சள் என்றால் அதுதான் என்று மேடத்தின் கை தானாகவே அந்தப் பக்கம் நீண்டது.

“அது பக்கத்து சோடியம் விளக்கோட வெளிச்சம்மா. கசிஞ்சு வருது. ஹைட்ரஜனுக்கு மஞ்சள் கிடையாது. இத்தனை நாள் படிச்சு இதுகூடத் தெரியலையா?”

“எனக்கு இங்கதான் தெரியுது மேடம்.”

“தெரியுறத எழுது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத.”

அவள் தெரிந்ததை எழுதினாள். சிவப்பு 667. மஞ்சள் 587. பச்சை 501. நீலம் 447. வாய்மொழிக் கேள்வியிலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்: சூத்திரப்படி சிவப்பு எவ்வளவு வர வேண்டும் என்று மேடம் கேட்க, 656 என்று சரியாகச் சொல்லிவிட்டு, “ஆனா எனக்கு அப்படி வரலை மேடம்” என்றாள். மேடத்துக்குத் தலை கிண்ணென்று வலித்தது. ஒரு கோடாவது பொருந்த வேண்டாமா? சோடியம் வெளிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் அது 589. அதைக்கூட ஒழுங்காக அளக்கவில்லையே! கோபமும் அலுப்புமாகத் தாளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். மற்ற எல்லோருடைய தாளிலும் நான்கு கோடுகளும் அச்சடித்த மாதிரி வந்திருந்தன. அத்தனை பேரும் தேர்ச்சி. வேன் அக்கா மட்டும் அவுட்.

விடுமுறையில் கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கொடியில் கிடந்த சட்டைகளைப் பார்த்தார் மேடம். பாலில் நனைத்த மாதிரி வெள்ளை.

“ஐயோ, இவ்வளவு வெள்ளையா இது?”

“இப்பவாவது தெரிஞ்சுதே. கிழிஞ்ச காலரும் தெரியுதா?” என்றார் வீட்டுக்காரர்.

புதுப் பருவம் தொடங்குவதற்கு முன் கருவிகளைச் சரிபார்க்க மேடம் கல்லூரிக்குப் போனார். கதவைத் திறந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அட்டெண்டரிடம் ஹைட்ரஜன் குழாயைப் போடச் சொன்னார். குழாய் ஒளிர்ந்தது. மேடம் அப்படியே நின்றுவிட்டார். ரோஸ் நிறம் எங்கே? சோகை பிடித்தவன் உள்ளங்கை மாதிரி ஒரு வெளுத்த மஞ்சள் கலந்த நிறமல்லவா இது! குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். நடுவில் கத்தி மாதிரி ஒரு மஞ்சள் கோடு.

“அந்த சோடியம் விளக்கக் கொஞ்சம் அணைப்பா.”

“அது போடவே இல்லையே மேடம். பீஸ் போய் எப்பவோ ஆச்சு. பரீட்சை அன்னைக்குக்கூட எரியலையே.”

மேடம் அலமாரியைத் திறந்து ‘ஹீலியம்’ என்று ஒட்டியிருந்த குழாயை எடுத்துப் பொருத்தச் சொன்னார். அது பளிச்சென்று ரோஸ் நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு, பச்சை கலந்த நீலம், கருநீலம். மஞ்சள் மருந்துக்கும் இல்லை.

“ஏம்ப்பா, இந்த ரெண்டு குழாய்லயும் சீட்டு ஒட்டினது யாரு?”

அட்டெண்டர் தலையைச் சொறிந்தார். “பரீட்சைக்கு முந்தின நாள் ஈரத்துணியால துடைச்சப்ப ரெண்டும் கழண்டு வந்துடுச்சு மேடம். ரெண்டும் ஒரே மாதிரி கண்ணாடிதானேன்னு ஒட்டி வச்சேன். ஏன், எதுவும் கோளாறா?”

மேடம் முக்காலியில் உட்கார்ந்தார். ஹீலியத்தின் மஞ்சள் கோடு 587-ல் விழும், சோடியத்துக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலேயே. பழைய காலத்தில் சூரிய ஒளியில் முதன்முதலாக அதைக் கண்டவர்கள்கூட சோடியம் என்றுதான் நினைத்தார்கள் என்று இவரே வகுப்பில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். ஆக, ஹீலியத்தைப் பார்த்து ஹீலியத்தை எழுதியவள் ஒருத்தி, அவளைத் தோற்கடித்தாயிற்று. ஹீலியத்தை முன்னால் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் ஹைட்ரஜன் கோடுகளை, அதுவும் துளி பிசகாமல், எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் ஆய்வகம் நடத்தியதன் லட்சணம் இதுதானா என்று அவருக்கு அழுகையே வந்தது. அவமானம் தாங்கவில்லை.

துறைத் தலைவரிடம் போனார். அவர் பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

“மேடம், மார்க் எல்லாம் மேல போயாச்சு. இதக் கிளறினா மொத்த பேட்சுக்கும் மறுபடி பரீட்சை. அவங்கல்லாம் லீவு போட்டுட்டு வந்து எழுதணும். எனக்கு விசாரணை, உங்களுக்கு ரிட்டயர்மென்ட் நேரத்துல கெட்ட பேரு. யாருக்கு என்ன லாபம் சொல்லுங்க? அந்த ஒரு பொண்ணுக்கு மட்டும் மறுதேர்வு வச்சு பாஸ் போட்டு விடுங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுடும்.”

சண்டை போட மேடத்திடம் தெம்பு இல்லை. சரி என்று எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் யோசித்து ஒரு யோசனையும் கண்டுபிடித்தார். குழாயை மாற்றப் போவதில்லை. சீட்டு மாறிய அதே ஹீலியத்தையே மறுபடி வைப்பது. வேன் அக்கா முன்பு எழுதியதையே திரும்பவும் எழுதுவாள். அவளுக்குத்தான் வேறு மாதிரி எழுதத் தெரியாதே. இந்த முறை அதற்கு முழு மார்க் போட்டுவிடலாம். பொய்யும் இல்லை, பரீட்சையும் பரீட்சைதான்.

“அப்ப தப்பு உன் மேலன்னு அந்தம்மாகிட்ட சொல்ல மாட்டே?” என்றார் வீட்டுக்காரர், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

“சொல்லாமலே சரி பண்ணிடலாம்னு சொல்றேன். அவளுக்கு வேண்டியது பாஸ்தானே? அந்த ஸ்கூல் வேலைக்கு இன்னும் ஆள் போடலையாம்.”

“நீ சொன்னா சரிதான். ஆபரேஷன் பண்ணினவன்கிட்ட பாதிப் பணத்தத் திருப்பிக் கேக்கலாம் போல இருக்கு.”



மறுதேர்வு மத்தியானம். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில் வேனைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு வேன் அக்கா வந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. “உக்காரும்மா, கொஞ்சம் தண்ணி குடி” என்றார் மேடம். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நேராக இருட்டறைக்குள் போனாள்.

மேடம் வெளியே காத்திருந்தார். மனசுக்குள் படபடப்பாக இருந்தது, ஆனால் நல்ல படபடப்பு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் ‘மேடம், மஞ்சள்’ என்று கூப்பிடுவாள். இவரும் போய்ப் பார்ப்பார். ஆமாம்மா, மஞ்சள்தான், எழுது என்பார். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் நேராகிவிடும் என்று அவர் நம்பினார்.

அவள் கூப்பிடவில்லை. சீக்கிரமே வெளியே வந்து தாளை நீட்டினாள்.

சிவப்பு 656. நீலப்பச்சை 486. கருநீலம் 434. ஊதா 410. பக்கத்தில் கோணங்கள், சைன் மதிப்புகள், கணக்கு. ஒரு புள்ளி பிசகில்லை. அடித்தல் திருத்தல்கூட இல்லை.

மேடம் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். “மஞ்சள் எதுவும் தெரியலையாம்மா?”

வேன் அக்காவின் முகத்தில் பயம் ஓடியது. “இல்ல மேடம்.”

“நல்லாப் பார்த்தியா?”

“சத்தியமா மஞ்சள் இல்ல மேடம். போன தடவ எனக்குத்தான் விவரம் பத்தல. கிளாஸ்ல எல்லாரும் அப்பவே சொன்னாங்க, பார்க்காதீங்க அக்கா, போட்டு எழுதுங்கன்னு. நான்தான் கேக்கல. இப்ப வேன்ல பிள்ளைங்களுக்காகக் காத்துக் கெடக்கிற நேரமெல்லாம் இதத்தான் போட்டுப் போட்டுப் பழகினேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன்.” ‘போட்டு’ என்ற சொல் வாய்தவறி வந்துவிட்டதை அவள் கவனிக்கவேயில்லை.

இனி சொல்லாமல் இருக்க முடியாது என்று மேடத்துக்குத் தோன்றியது. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க பாரும்மா. உள்ள இருக்கிறது ஹைட்ரஜனே இல்ல. ஹீலியம். சீட்டு மாறிப் போச்சு. அன்னைக்கு நீ மஞ்சள் பார்த்தது நிஜம். நீ எழுதின ஒவ்வொரு நம்பரும் சரி. என் கண்ணு சரியில்ல, புரை. எனக்குத் தெரியலங்கிறத ஒத்துக்காம, பரீட்சையில உன்னத் தோற்கடிச்சுட்டேன். தப்பு முழுக்க என்னோடது. என்ன மன்னிச்சுடும்மா.”

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. டிராபிக் போலீஸ்காரர் எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று பார்க்கிற மாதிரி மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதிலும் ஏதோ கேள்வி ஒளிந்திருக்கிறது, தப்பாகப் பதில் சொன்னால் போயிற்று என்கிற பார்வை.

“சரிங்க மேடம்” என்றாள்.

“புரியுதாம்மா உனக்கு? நீ பார்த்ததுதான் சரி.”

“சரிங்க மேடம்.”

“வா, உள்ள வந்து இன்னொரு தடவ பாரு. நானும் கூட இருக்கேன். என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு.”

வேன் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“பள்ளிக்கூடம் விடுற நேரம் மேடம். பிள்ளைங்க வாசல்ல வெயில்ல நிப்பாங்க. இத அடிச்சுட்டு மஞ்சள்னு போட்டுடவா? நீங்க நம்பர் மட்டும் சொல்லுங்க, எழுதிடறேன்.”

மேடம் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினார். அவளுடைய பழைய தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, தான் குறுக்கே இழுத்திருந்த கோட்டுக்கு மேலேயே முழு மார்க்கையும் போட்டுக் கையெழுத்திட்டார். பாஸ் என்று தெரிந்ததும் வேன் அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும் மேடம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி அவசர அவசரமாகப் படியிறங்கிப் போனாள். என்ன மார்க், எந்தத் தாளுக்கு மார்க் என்று அவள் கேட்கவே இல்லை.